கோமதி டீச்சரின் சீட்டுப் பெட்டி

"சாரே, கோமதி டீச்சர் போயிட்டாங்க" என்று சென்ற வாரம் தொலைபேசியில் சொன்னவள் முத்துமாரி, எங்கள் பழைய மாணவி. அழுகைக்கு நடுவே இன்னொன்றும் சொன்னாள்: "இரங்கல் கூட்டத்துல நீங்கதான் பேசணும். டீச்சர் உங்களை அம்புட்டு நம்புவாங்க." சரி என்றேன்.

சாலைக்கடைத் தெருவுக்குப் பின்னால் இருந்த மலையாளப் பள்ளியில் நாங்கள் இருவரும் தமிழ்வழிப் பிரிவு ஆசிரியர்கள். நான் கணக்கு, அவர் சமூக அறிவியல். உலகத்துத் தண்ணீர்ப் பஞ்சத்தை விளையாட்டாக நடத்தப் போகிறேன் என்று அவர் கிளம்பியபோது முதலில் கேலி செய்தவன் நான்தான். ஏழாம் வகுப்பை நாடுகளாகப் பிரிப்பார். மழைநாட்டு மேசையில் குடம் நிறையத் தண்ணீர். வறள்நாட்டு மேசையில் காலி டம்ளர்கள். இரண்டு பீரியடுக்குள் பேரம் பேசி, ஒப்பந்தம் எழுதி, எல்லோரும் குடித்தாக வேண்டும். "மார்க்கு கிடையாது பிள்ளைங்களே, தாகம் மட்டும் உண்டு, கேட்டோ" என்பார். யார் எந்த நாடு என்பதைச் சீட்டு முடிவு செய்யும். பிறக்கும் இடத்தை யாரும் கேட்டு வாங்குவதில்லை என்பது அவர் கட்சி.

ஒரு வருடம் என் மகளும் அந்த வகுப்பில் இருந்தாள். பிள்ளைகள் பெட்டியிலிருந்து சீட்டை எடுத்து, மடித்தபடியே மேலே பெயரெழுதி நீட்டுவார்கள். பிரித்து வாசிப்பது என் வேலை. மகளின் சீட்டில் வறள்நாடு. கிழக்கேகோட்டையில் எங்கள் குடும்பத்தைத் தெரியாதவர் இல்லை. என் பிள்ளை டம்ளரோடு மேசை மேசையாகப் போய் நிற்பதா? "மழைநாடு" என்று வாசித்தேன். அடுத்து வந்தவள் முத்துமாரி. சங்கரன்கோவில் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பம். அவள் சீட்டில் மழைநாடு இருந்தது. "வறள்நாடு" என்றேன். அவளுக்குப் பழக்கம்தானே என்று நினைத்தேன். இதை எழுதக் கை கூசுகிறது.

காலி டம்ளரைப் பார்த்து அவள் கேட்டாள்: "வீட்டுலயும் பைப்படியில நான்தான் நிக்கேன். இங்கயும் நானா டீச்சர்?" வகுப்பு சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

சீட்டுகளின் மேல் பெயர் எழுதியிருப்பதை நான் மறந்துவிட்டேன். பிள்ளைகள் போனபின் டீச்சர் அந்த இரண்டு சீட்டுகளையும் என் முன்னால் வைத்தார். "முத்துமாரிகிட்ட நீங்களே சொல்லிடுங்க சாரே. நான் சொல்ல மாட்டேன்." கதவருகே போய்த் திரும்பி, "அடுத்த வருஷமும் வாசிக்கிறது நீங்கதான்" என்றார்.

அப்படியே ஆயிற்று; முத்துமாரியிடம் மட்டும் நான் சொல்லவே இல்லை. ஓய்வு பெறும்வரை வருடந்தோறும் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, ஒரு கணம் என் முகத்தைப் பார்ப்பார். நான் தலை குனிந்துகொள்வேன். சார் மேல் டீச்சருக்கு எவ்வளவு நம்பிக்கை என்று மற்றவர்கள் மெச்சியதை வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

கூட்டத்தில் பேசினேன். அவருடைய உழைப்பு, அன்பு, எல்லாம் பேசினேன். சீட்டை மட்டும் விட்டுவிட்டேன். முன்வரிசையில் முத்துமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் டீச்சரின் தம்பி பெட்டியை நீட்டினார். "அக்கா உங்க கையில தரச் சொன்னா." வீட்டுக்கு வந்து திறந்தேன். எல்லாவற்றுக்கும் மேலே அந்த இரண்டு சீட்டுகள்.

முத்துமாரி, நீ படிக்கத்தான் இதை எழுதினேன்: உன் பெயர் எழுதிய சீட்டில் இருப்பது மழைநாடு.

சொல்லிவிட்டேன் டீச்சர். போய் வாருங்கள்.