மொட்டைக்குப் பூஜ்யம் போடாதவன்

பாஸ்கர், நீ ஒரு பொய்யன். ஒன்றல்ல, இரண்டு பொய் சொல்லியிருக்கிறாய். முதல் பொய்யை ஊரே நம்பிக்கொண்டிருக்கிறது. அந்தப் புரோகிராமை எழுதியவன் நீ இல்லை. நான்!

அப்பாடா... சொல்லிவிட்டேன். இனி உங்களிடம் பேசுகிறேன், வாசகரே.

பாஸ்கர் கொரட்டூர்க்காரன். நான் மேனாம்பேடு. எண்பதுகளின் கடைசியில், அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றின் கம்ப்யூட்டர் அறையில் இருவரும் வேலை பார்த்தோம். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கோயில் மாதிரி! உள்ளே ஏ.சி. உண்டு. எங்களுக்காக இல்லை, கம்ப்யூட்டருக்காக.

டிபேஸ் என்ற மொழியில் சம்பளக் கணக்கு எழுதினோம். அதில் ஒவ்வொரு தொகைக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும். பாஸ்கர் A1, A2, A3 என்று வைப்பான். ஒரு வாரம் போனால் அவனுக்கே புரியாது. நான் ஆட்களின் பெயரை வைப்பேன். லேட்டாக வந்தால் பிடிக்கிற தொகைக்கு நான் வைத்த பெயர் MOTTAI. பிடிக்கச் சொன்ன மேனேஜர் தலையில் ஒரு முடி கிடையாது. பெயர் மறக்குமா?

பாஸ்கர் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"மாமே, அந்தாளு பாத்தான்னா உன்னிய மெய்யாலுமே மொட்டை அடிச்சிடுவான்!"

"அவரு எங்கடா இத்தப் படிக்கப் போறாரு?"

அதுதான் என் தைரியம். புரோகிராமை யாரும் படிப்பதில்லை. ஓடினால் போதும் அவர்களுக்கு.

முதலாளிக்குக் காட்டுகிற நாள் வந்தது. மேனேஜர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "என் சம்பளச் சீட்டையே மொதல்ல போடுப்பா. நான் ஒரு நாளும் லேட்டா வந்ததில்ல" என்றார்.

அங்கேதான் விழுந்தேன்! லேட்டாக வந்தவனுக்கு எவ்வளவு பிடிப்பது என்று எழுதியிருந்தேன். லேட்டாக வராதவனுக்குப் பூஜ்யம் என்று எழுதவில்லை. நான் சோதித்துப் பார்த்ததெல்லாம் எங்கள் கூட்டத்தின் பெயர்களை வைத்து. ஆவடி லோக்கல் ரயிலை நம்பி வருகிறவர்களில் லேட்டாகாதவன் யார்? அப்படி ஒரு மனிதர் இருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை...

மொட்டை என்று எதுவும் இல்லையே என்று கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தது. சிக்கிய வரியைத் திரையில் காட்டியது.

NET = GROSS - MOTTAI

முதலாளி அதை நிறுத்தி நிதானமாக, வாய்விட்டுப் படித்தார். பிறகு திரும்பி மேனேஜரின் தலையைப் பார்த்தார்.

"எவன்யா இத எழுதுனது?" மேனேஜர் கத்தினார்.

எனக்கு அந்த மாதம்தான் வேலை நிரந்தரமாக வேண்டும். பாஸ்கருக்கு முன்பே ஆகிவிட்டது. வாயைத் திறந்தேனா? இல்லை!

"நான்தான் சார்" என்றான் பாஸ்கர்.

மறுநாளே அவனை ஸ்டோர்ஸில் நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுக்கப் போட்டார்கள். சைக்கிள் ஸ்டாண்டில் அவனை மடக்கினேன்.

"ஏன்டா அப்டி சொன்ன?"

"உட்றா மச்சான். அந்த ஏசி எனுக்கு ஒத்துக்கல. எந்நேரமும் மூக்கு ஒழுகிகினே கீது. ஸ்டோர்ஸ்ல நல்லா வெயிலு வருது."

நம்பினேன். நம்புவதுதான் எனக்கு வசதி!

அவன் அதன் பிறகு கம்ப்யூட்டரைத் தொடவில்லை. நான் சி என்ற அடுத்த மொழியைக் கற்றேன், வேறு கம்பெனிகளுக்குப் போனேன். இப்போது இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்கள் குழம்பிவிடும் என்று ஊரே அலறுகிறது. அதனால் யாரோ எழுதிய பழைய புரோகிராம்களைப் படிப்பதுதான் என் பிழைப்பு. மொழி எதுவாக இருந்தாலும் எழுதியவன் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். சோம்பேறி தெரிவான், பயந்தாங்கொள்ளி தெரிவான். அன்றைக்கு யாராவது ஒருவர் உட்கார்ந்து படித்திருந்தால், A1, A2 என்று எழுதுகிறவன் இதை எழுதியிருக்க மாட்டான் என்று கண்டுபிடித்திருப்பார்!

சரி, அதோடு முடிந்ததா? இல்லை. பழைய ஆட்கள் கூடுகிற கல்யாணம், காதுகுத்து எதுவானாலும், "அண்ணாத்தே, அந்த மொட்டை மேட்டர எடுத்து உடு" என்பார்கள். பாஸ்கர் எழுந்து நிற்பான்.

"நான்தான் எழுதுனேன். மொட்டைய மைனஸ் பண்ணாதான் கம்பெனி உருப்படும்னு போட்டேன்! தோ குந்திகினு கீறானே, இவன் அன்னிக்கு பயத்துல பேண்ட்ட நனைச்சிட்டான்!"

சாப்பிடுகிறவர்களுக்குப் புரையேறும். எனக்கு வயிறு எரியும். அது என் வரி... என் மொட்டை!

வெட்கக்கேடுதான். அவனுக்குத் தண்டனை கிடைத்தபோது வாயை மூடிக்கொண்டவன், கைதட்டல் கிடைக்கும்போது பங்குக்கு வருகிறேன். திட்டுங்கள். ஆனால் மிச்சத்தையும் கேளுங்கள்.

போன வாரம் அவனோடு ஏ.சி. தியேட்டரில் படம் பார்த்தேன். படம் முடிகிறவரை அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தும்மல் இல்லை! மூக்கை ஒரு தரம்கூட உறிஞ்சவில்லை. சுகமாகத் தூங்கினான்... ஏ.சி. ஒத்துக்கொள்ளாதவனாம்! அதுதான் இரண்டாவது பொய்.

ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியில் மேனேஜர் மகளுக்குக் கல்யாண வரவேற்பு. எல்லோரும் வருவார்கள். மேனேஜர் மேடையிலேயே இருப்பார். பாஸ்கர், மொட்டையை எழுதியது யார் என்று அங்கே நானே சொல்லிக்கொள்கிறேன். அதற்குப் பிறகு மைக்கை நீ வாங்கு. ஜோக் அடித்து நழுவாதே! அத்தனை பேர் முன்னாலும் எனக்குப் பதில் சொல்: அன்றைக்கு ஸ்டோர்ஸுக்குப் போனது உன் மூக்குக்காகவா, எனக்காகவா?