புத்தகம் பார்த்து எழுதும் பரீட்சை

வேதாச்சலத்துக்கு மின்சாரத்தைக் கண்டு பயம் கிடையாது. பரீட்சையைக் கண்டால்தான் பயம். அவரைக் கட்டிக்கொண்ட வரலட்சுமிக்கே இது கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் தெரியவந்தது. அதுவரைக்கும் அந்த வீட்டுக்குள் பரீட்சை என்று ஒன்று எட்டிப் பார்த்ததில்லை.

இரண்டு பேருக்கும் நகரிதான் ஊர். வீட்டுக்கு வீடு பவர்லூம் ஓடும் ஊரில், கரண்ட் வந்து வந்து போனால் தறி மோட்டார்கள் என்ன ஆகும்? கருகும். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் வேலைக்கு இருந்த வேதாச்சலம், வரலட்சுமி வீட்டு மோட்டாரைப் பார்க்க வந்தார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டாரையும் பார்க்க வரத் தொடங்கியபோது அவளுடைய நைனாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இப்படியாக அவள் கல்யாணம் நடந்தது.

அப்புறம் காலம் மாறியது. நாட்டுக் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் எழுதினார்கள். திறந்த கதவு வழியாகச் சித்தூர்ப் பக்கம் மாங்கூழ் தொழிற்சாலைகள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. ஒவ்வொன்றுக்கும் மோட்டார்களை ஓட்டவும் நிறுத்தவும் கன்ட்ரோல் பேனல் வேண்டும். ஆளுயர இரும்புப் பெட்டி, உள்ளே நூற்றுக்கணக்கில் ஒயர். புருஷனும் பெண்டாட்டியும் திருப்பதிக்குக் குடிவந்து, ரேணிகுண்டா ரோட்டில் ஒரு ஷெட் பிடித்தார்கள். இன்டர், அதாவது பன்னிரண்டாவது, பாஸான வரலட்சுமி முதலில் பில் எழுதினாள். பிறகு ஒயர்களுக்கு நம்பர் மாட்டினாள். பிறகு ஒயரிங்கில் பாதி அவள் கைவேலை ஆனது. யாரும் அவளை வேலைக்கு வைக்கவில்லை, அவளாகவே வேலைக்குள் வந்துவிட்டாள்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பெரிய கம்பெனிகள் ரெடிமேடாகப் பேனல் விற்க இறங்கியதும் ஆர்டர் வற்றிப்போனது. வேதாச்சலத்துக்கு ஷார்ஜாவில் ஒரு கட்டடத்துக்கு மெயின்டெனன்ஸ் எலக்ட்ரீஷியன் வேலை வந்தது. ஏஜென்ட் விசாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். வரலட்சுமிக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. புருஷன் வெறும் போன் குரலாக மாறிப்போன வீடுகளை அவள் நகரியிலேயே எத்தனையோ பார்த்திருக்கிறாள்.

"நீங்க போய்ட்டா நா இந்த ஷெட்ல யார் மேல கத்தறது?" என்று கேட்டாள். கேட்கும்போது சிரித்தாள், போய்ப் பாத்திரம் கழுவும்போது அழுதாள்.

அந்தச் சமயத்தில்தான் சித்தூரிலிருந்து நாகபூஷணம் வந்தார். மாங்கூழ் மெஷின் செய்கிறவர், இவர்களுடைய பழைய வாடிக்கை. தமிழையும் தெலுங்கையும் ஒரே வாயில் போட்டு மெல்லுகிற மனுஷன்.

"வேதாச்சலம், நம்ம மெஷின் அமெரிக்கா போத்துந்தி!" என்றார். "பேனலுக்கு அவங்க ரூல் ஒண்ணு கீது. செய்ற ஷாப்புல ஒர்த்தராவது அந்த ரூல் மேல பரீட்ச எழுதி பாஸ் ஆகியிருக்கணும். ஒர்த்தர் போதும். பாஸ் ஆனா ஆர்டர் மொத்தம் உனக்கே."

வரலட்சுமிக்கு உள்ளுக்குள் பட்டென்று விளக்கு எரிந்தது. ரிசல்ட் வரும்வரை ஷார்ஜாவை நிறுத்தி வைப்பது என்று அன்றைக்கே புருஷனிடம் வாக்கு வாங்கிவிட்டாள். பாஸானால் இங்கே. இல்லையென்றால் விமானம்.

ரூல் புத்தகம் வந்து சேர்ந்தது. செங்கல் கனம், முழுக்க இங்கிலீஷ். ஆனால் பரீட்சையில் அந்தப் புத்தகத்தை மேஜை மேல் விரித்து வைத்துக்கொண்டே எழுதலாமாம். வரலட்சுமி நம்பாமல் பரீட்சை நடத்தும் சென்னை ஆபீசுக்குப் போன் போட்டு இன்னொரு தடவை கேட்டாள். ஆமாம் என்றார்கள். ஒரு ஷாப்பிலிருந்து இரண்டு பேர் எழுதலாம் என்றும் சொன்னார்கள். அவ்வளவுதான், வேதாச்சலம் அவள் பேரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

"நீ பக்கத்துல குந்திக்கினு பக்கம் எடுத்துக் குடு. நா எழுதிடறேன்" என்றார்.

வீட்டில் அப்படித்தான் படிப்பு நடந்தது. எந்தச் சட்டம் எங்கே இருக்கிறது என்று தேடுவது அவள் வேலை. டிக்‌ஷனரியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அடுப்பில் சாம்பார் கொதிக்க, வரிவரியாகப் படித்தாள். முக்கியமான பக்கங்களின் ஓரத்தில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினாள். ஒயர் சைஸுக்குச் சிவப்பு, எர்த்துக்குப் பச்சை, ஷார்ட் சர்க்யூட்டுக்குப் பெரிய மெரூன். புத்தகம் கல்யாணப் பெண் மாதிரி ஆகிவிட்டது. அவளுக்கோ உற்சாகம் தாங்கவில்லை. கைப்பழக்கமாக இத்தனை காலம் செய்துவந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் எழுதி வைத்திருக்கிறார்களே!

"நியூட்ரல் இன்னா கலரு?" என்று தோசைக் கரண்டியை நீட்டிக் கேட்பாள்.

"கருப்பு."

"அது நம்மூர்ல! அமெரிக்காவுல வெள்ள. கருப்புல கரண்ட் ஓடிக்கினு இருக்கும். தொட்டீங்கன்னா போய்ச்சேர வேண்டியதுதான்!"

வேதாச்சலமோ புத்தகத்தை முழுசாக மனப்பாடம் செய்ய முயன்றார். காலையில் குளித்துவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு, அட்டவணைகளை முனகிக்கொண்டே நடப்பார்.

"புக்குதான் கைல கீதே, இன்னாத்துக்கு மனப்பாடம்?" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"பாத்து எழுதனா அதுக்குப் பேரு பரீட்சையா?" என்று முறைத்தார்.

பரீட்சை சென்னையில், ஒரு ஓட்டல் ஹாலில். சப்தகிரி ரயிலில் போய் இறங்கினார்கள். டை கட்டிய கண்காணிப்பாளர் இருவரையும் ஆளுக்கொரு மூலையில் உட்கார வைத்தார். புத்தகம் பார்க்கலாம், பேசக்கூடாது என்றார். வேதாச்சலத்தின் முகம் செத்துப்போனது. பக்கம் எடுத்துக் கொடுக்க ஆளில்லை.

வரலட்சுமி முதல் கேள்வியைப் படித்தாள். இது பச்சைப் பொட்டு! புரட்டினாள், இருந்தது. அடுத்தது மெரூன். அதுவும் இருந்தது. கணக்கையும் அவரோடு சேர்ந்து போட்டுப் போட்டு அவளுக்குப் பழகியிருந்தது. கை பறந்தது. இப்படி ஒரு சந்தோஷத்தை அவள் எந்தத் திருவிழாவிலும் அனுபவித்ததில்லை.

நடுவில் ஒரு தடவை தலையைத் தூக்கிப் புருஷனைப் பார்த்தாள். கண்காணிப்பாளரின் பூட்ஸ் சத்தம் பக்கத்தில் வந்தாலே மனுஷன் புத்தகத்தைப் பட்டென்று மூடிவிட்டு விட்டத்தைப் பார்க்கிறார். பூட்ஸ் சத்தம் நகர்ந்ததும் திறக்கிறார். திரும்ப வந்தால் மூடுகிறார். நேரம் போய்க்கொண்டே இருக்கிறது. எழுந்து கத்தலாமா என்றிருந்தது அவளுக்கு.

திரும்பும்போது ரயில் திருத்தணியைத் தாண்டிய பிறகுதான் அவர் வாயைத் திறந்தார். அவருடைய பத்தாம் வகுப்புப் பரீட்சையில் யாரோ "ஸ்குவாட் ஒச்சிந்தி ரா!" என்று கத்தியிருக்கிறார்கள். காப்பி அடிக்கிறவர்களைப் பிடிக்கும் பறக்கும் படை வந்துவிட்டது. பின்பெஞ்சுப் பையன் தன் துண்டுச்சீட்டை இவர் மேஜையில் வீசிவிட்டான். பிடிபட்டது இவர். பரீட்சையே எழுதக்கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள். படிப்பு அன்றோடு போனது.

"புக்க தொறந்தா கை தானா மூடுது, லட்சுமி. நா இன்னா செய்ய?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இத்தனை வருஷம் இதைச் சொல்லாமல் மறைத்த ஆளைத் திட்டக்கூட மனசு வரவில்லை. ஷார்ஜாவுக்கு என்னென்ன ஊறுகாய் கொடுத்தனுப்புவது என்று ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தாள். அவளும்தான் ஒரு பரீட்சை எழுதிவிட்டு வருகிறாள் என்பது அவளுக்கும் ஞாபகமில்லை, அவருக்கும் ஞாபகமில்லை.

ரிசல்ட் கம்ப்யூட்டரில் வந்தது. அவர் பேருக்கு வந்ததை முதலில் திறந்தார்கள். ஃபெயில். வேதாச்சலம் சட்டையை மாட்டிக்கொண்டார்.

"ஏஜென்ட்ட பாத்துட்டு வந்துடறேன்."

"இருங்க. இன்னொண்ணு வந்து கீது."

திறந்தாள். படித்தாள். சரியாகத்தான் படித்தோமா என்று மறுபடி படித்தாள். பிறகு அவள் போட்ட கூச்சலில் ஷெட்டில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவர்கள் ஷாக் அடித்துவிட்டது என்று நினைத்து மெயினை அணைத்துவிட்டு ஓடி வந்தார்கள்.

வேதாச்சலம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிஷம் அந்த முகத்தில் என்ன ஓடுகிறது என்று அவளுக்குப் புரியவில்லை, பயந்துகூடப் போனாள். அப்புறம் மனுஷன் குதித்தாரே ஒரு குதி! நாகபூஷணத்துக்குப் போன் போட்டு, "நம்ம வீட்ல பாஸு! ஆமா, நா இல்ல, அவங்க! ஒர்த்தர் போதும்னு நீங்கதானே சொன்னீங்க!" என்று ரேணிகுண்டா ரோடு முழுக்கக் கேட்கும்படி கத்தினார். அன்றைக்கு அந்தத் தெருவில் மைசூர்பாகு தின்னாதவர்கள் யாருமில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் வேதாச்சலத்துக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

முதல் பேனல் தயாரானது. சித்தூருக்குக் கொண்டுபோக லாரி வாசலில் நின்றது. வரலட்சுமி கையெழுத்துப் போட்டால்தான் பெட்டி வெளியே போகலாம். அவள் ஸ்கேலோடு வந்து கதவைத் திறந்தாள். மெயின் லைன் வந்து இறங்கும் பிளாக்கில் செம்புக்கும் செம்புக்கும் நடுவே ஸ்கேலை வைத்தாள்.

"ரூல்படி நடுவுல ஒரு இன்ச் வேணும். இல்ல."

"பத்து வருஷமா இந்த பிளாக்குதான் போட்டுக்கினு வரேன். ஒண்ணாச்சும் வெடிச்சுதா?"

"அது வேற. இதுல என் பேரு போட்டு கீது."

வேலைக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். லாரி டிரைவர் ஹாரன் அடித்தான். வேதாச்சலத்துக்கு முகம் சிவந்தது.

"இதுக்கு நா பேசாம ஷார்ஜாவுக்கே போயிருக்கலாம்!"

"போங்க," என்றாள் வரலட்சுமி. "இத மாத்திட்டுப் போங்க."

அவர் அவளையே பார்த்தார். அவள் இறங்கி வரவில்லை. அடக்கப் பார்த்தும் முடியாமல் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லாரிக்காரனைச் சாயங்காலம் வரச் சொல்லிவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பேனலுக்கு முன்னால் உட்கார்ந்து ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தார்.