அண்ணன் காலில் நான் செதுக்கிய ஆணி

எனக்கு வாய் ஜாஸ்தி. எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பேசியே ஆகவேண்டிய ஓர் இடத்தில் மட்டும் அந்தப் பாழாய்ப்போன வாய் அடைத்துப்போனது.

இரண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். நான் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தேன். அண்ணனுக்குப் பழனி பக்கத்து ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு. தோப்புக்குள் செருப்பே போடமாட்டார். திண்டுக்கல் மண்டிக்குக் காய் போட வரும்போதெல்லாம் என் வீட்டில் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுத்தான் போவார். அப்படி வந்த ஒருநாள் அவர் குதிகாலில் கறுப்பாக ஒரு தடிப்பைப் பார்த்தேன்.

"கால் ஆணிண்ணே. இதுக்குப் போயி டாக்டரா?" என்று புது பிளேடை வெந்நீரில் போட்டெடுத்து நானே செதுக்கினேன். பிளாஸ்திரியும் ஒட்டினேன். திரும்ப வந்தது, திரும்பச் செதுக்கினேன். இப்படியே ஒரு வருஷம் ஓடிவிட்டது. விலங்கியல் டீச்சராம், மண்ணாங்கட்டி!

தொடை இடுக்கில் நெறி கட்டிய பிறகுதான் அவரும் அண்ணியும் நானும் மதுரைக்குப் போனோம். தோலுக்கு நிறம் தரும் அணுக்களில் வருகிற புற்று, நுரையீரல் வரை போய்விட்டது என்றார் டாக்டர். காலைத் திருப்பிப் பார்த்தார்.

"இதை யாருங்க செதுக்கினது? அப்பவே வந்திருந்தா குதிகாலோட முடிஞ்சிருக்கும்."

அண்ணன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நாந்தானுங்க. ஆணின்னு நெனச்சுப்போட்டனுங்க," என்றார். அண்ணி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான் வாயைத் திறக்கவில்லை.

வெளிநாட்டில் ஒரு புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள், இங்கே இன்னும் வரவில்லை என்றும் டாக்டர் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரே கதியென்று கிடந்தேன். நோயோடு சண்டை போடும் வெள்ளணுக்களின் மேல் சில ஏற்பிகள் உண்டு. 'போதும், நிறுத்து' என்ற சைகை அவற்றில் வந்து பட்டால் அணு அடங்கிவிடும். உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளாதிருக்க அந்தக் கட்டுப்பாடு வேண்டும். புற்று அதே சைகையைக் காட்டித் தப்பித்துக்கொள்கிறது. மருந்து அந்த ஏற்பியை மறைத்துவிட்டால் சைகை எடுபடாது.

இதை அண்ணனிடம் சொன்னேன். தோப்பு வீட்டுக் கட்டிலில் படுத்தபடியே கேட்டவர், வேப்பமரத்தில் கட்டியிருந்த நாயைக் காட்டினார்.

"நான் 'த்சொ'ன்னா இது அடங்கிரும். போன வருஷம் பழம் திருட வந்தவன் அதே சத்தத்தப் பழகிட்டு வந்தானே, அது மாதிரியா அம்மிணி?"

"அதேதாண்ணே. ஆனா மருந்து போட்டா வீட்டு ஆளையும் கடிச்சாலும் கடிக்குமாம். குடலு, ஈரலெல்லாம் புண்ணாகுமாம்."

"கடிச்சாக் கடிக்கட்டும். அவுத்து விடச் சொல்லு." என் கையைப் பிடித்துக்கொண்டார். "கேட்டுப் பாரு அம்மிணி. பொண்ணு பத்தாவது முடிக்கற வரைக்கும் இருந்தாப் போதும்."

கேட்டேன். தெரிந்த டாக்டர், தெரியாத டாக்டர், மெயில் விலாசம் கிடைத்த வெளிநாட்டு ஆஸ்பத்திரி என்று ஒருவரையும் விடவில்லை. ஓர் இடத்திலிருந்து மட்டும் வருந்துகிறோம் என்று பதில் வந்தது. அடுத்த காய்ப்புக்கு முன்னாலேயே அண்ணன் போய்விட்டார். பெண் அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள்.

பல வருஷம் கழித்து, அந்த மருந்து நம் நாட்டுக்கும் வந்துவிட்டதாகப் பேப்பரில் படித்தேன். ஸ்கூலுக்கு லீவு சொல்லிவிட்டு பழனி பஸ் ஏறினேன். வழியெல்லாம் அழுகை. அண்ணி தோப்பில் கொய்யாவைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார். பேப்பரை நீட்டினேன்.

"அண்ணி, அந்த ஆணியச் செதுக்குனது அண்ணன் இல்ல. நாந்தான்."

அண்ணியின் கை நிற்கவில்லை. "தெரியும் அம்மிணி. மதுரையில இருந்து வந்த அன்னைக்கே சொல்லிப்போட்டாரு. 'அம்மிணி தாங்கமாட்டா, நீ எதுவும் கேட்டுப்போடாத'ன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

அண்ணன் போன பிறகும், ஒவ்வொரு காய்ப்பிலும் முதல் கூடை என் வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தது. அண்ணி தெரிந்தேதான் அனுப்பியிருக்கிறார்.