ஆறாம் கம்பி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் நேரங்களை மட்டும் சந்தேகப்படாதீர்கள். நான் ஒரு குளிர்பதனக் கிடங்கில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவன். மணிக்கொரு முறை கம்ப்ரசர் அளவுகளைப் பார்த்து லாக் புத்தகத்தில் எழுத வேண்டும். பதினாறு வருடமாக இதுதான் பிழைப்பு. கண்ணால் பார்க்காததை எழுதினால் வேலை போய்விடும். அந்தப் பழக்கத்தில்தான் இதையும் எழுதி வைத்தேன். இங்கே வரும் ஒவ்வொரு நிமிடமும் அப்போதே கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தது.

என் காதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸ்க்ரூடிரைவரின் முனையை இயந்திரத்தில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டால் போதும். எந்த பேரிங் எத்தனை நாளில் போகும் என்று சொல்லிவிடுவேன். ஆனால் பதினாறு வருடம் அதையே கேட்டால் மண்டைக்குள் எந்நேரமும் கம்ப்ரசர் ஓடும். வேறு ஏதாவது சத்தம் வேண்டும் என்றுதான் கிட்டார் வாங்கினேன்.

"நாப்பத்தோரு வயசுல ஹீரோ ஆகப் போறீங்களா?" என்றாள் மனைவி.

ஒரு சனிக்கிழமை வாங்கினேன். புத்தம் புதுசு. பெட்டியை என் கண்ணெதிரேதான் பிரித்தார்கள். மரமும் வார்னிஷும் கலந்த வாசனை. கையில் எடுத்தால் எடையே இல்லை. அரை மணி நேரம் கம்பியை அழுத்தியதில் இடது கை விரல் நுனிகள் நாலும் கன்றிப் போயின. அந்த வலிகூடப் பிடித்திருந்தது. கூடவே கடைக்காரர் ஒரு சின்ன டியூனர் கொடுத்தார். துணி மாட்டும் கிளிப் மாதிரி கிட்டாரின் தலையில் கவ்வ வைக்க வேண்டும். கம்பி அதிர்ந்தால் அதன் எண் சின்னத் திரையில் பச்சையாகத் தெரியும். ஆறு தடித்த கம்பி, ஒன்று மெல்லியது. மூன்று நிமிடம் எதுவும் அதிராவிட்டால் தானாக அணைந்துவிடும்.

அன்று மாலை ஒரு வேடிக்கை கண்டுபிடித்தோம். கிட்டாரைத் தொடவே வேண்டாம், பக்கத்தில் நின்று பேசினாலே போதும். நம் குரலுக்கு ஒத்த கம்பி தானாக லேசாக அதிரும். நான் பேசினால் 5. மனைவி பேசினால் 3. எங்கள் ஒன்பது வயது மகள், வீட்டில் அவள் பெயர் வாலு, கத்தினால் 2.

"ஆறு யாருக்கும்மா?" என்று வாலு கேட்டாள்.

"உங்க பெரியப்பா வந்து பேசினா வரும். அவர் பேசினா கதவே ஆடுமே."

"அப்பாவுக்கும் வரும். அப்பா, மத்தியானம் பேசுவியே, குண்டுக் குரல்ல... அப்படிப் பேசு."

நான் அப்படிப் பேசியதே இல்லை. குரலைத் தாழ்த்திப் பார்த்தேன். 5தான் வந்தது. சிரித்துவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனோம். அந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வந்த நாளிலிருந்தே வாலுவுக்கு ஒரு பழக்கம். எங்கிருந்தாவது ஓடி வந்து, "கூப்பிட்டியாப்பா?" என்பாள். இல்லை என்றால் போய்விடுவாள். காதைக் காட்ட வேண்டும் என்று மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். நான்தான் இன்றைக்கு நாளைக்கு என்று கடத்தினேன்.

பகல்தான் எனக்கு ராத்திரி. காலை எட்டரைக்குப் படுத்தால் மதியம் இரண்டு மணிக்கு எழுந்திருப்பேன். மனைவி பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறாள், ஆறு மணிக்குத்தான் வருவாள். வாலு பள்ளி வேனில் 3.20க்கு வருவாள். அதுவரை வீட்டில் நான் மட்டும். மூன்றாம் மாடி. உள் அறையில் ஒரு கட்டில், கட்டிலை ஒட்டி பெரிய கண்ணாடி ஜன்னல், ஜன்னலோரம் ஸ்டாண்டில் கிட்டார்.

திங்கள்கிழமை. 2.08க்குச் சுருதி சேர்த்து ஸ்டாண்டில் வைத்தேன். அடுப்படிக்குப் போய்த் தேநீர் போட்டு எடுத்துக்கொண்டேன். திரும்பி வந்தபோது 2.14.

டியூனர் எரிந்துகொண்டிருந்தது.

2.11க்கே அணைந்திருக்க வேண்டும். புதுசு, ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை. டியூனரைப் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். திரையில் பச்சையாக ஏதோ மினுங்கியது. நிமிர்ந்து பார்த்தேன்.

6.

அணைந்தது. மறுபடி 6. நான் வாயைத் திறக்கவில்லை. மணி 2.10. தெருவில் லாரி போயிருக்கும், தண்ணீர் மோட்டார் ஓடியிருக்கும், ஃப்ரிட்ஜாக இருக்கும். இதைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் நான் என்ன மெக்கானிக்? கிடங்கில் செய்வதைத்தான் செய்வேன் என்று முடிவு செய்தேன். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லையா, ஒவ்வொன்றாக நிறுத்து. கடைசியில் மிச்சம் இருப்பதுதான் குற்றவாளி.

புதன்கிழமை. மதியம் 2.00. வீட்டின் மெயின் ஸ்விட்சையே இறக்கினேன். ஃப்ரிட்ஜ் நின்றது. மின்விசிறி நின்றது. கீழே போய்க் காவலாளியிடம் சொல்லி மோட்டாரையும் நிறுத்தச் சொன்னேன். மேலே வந்து ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்த்தேன். ஒரு வண்டிகூட இல்லை. ஜன்னலைச் சாத்தி, டியூனரைப் போட்டேன். நோட்டை மடியில் வைத்துக்கொண்டேன்.

2.08. ஒன்றும் இல்லை.

2.09. ஒன்றும் இல்லை.

2.10... 6.

ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். முனையைக் கிட்டாரின் உடம்பில் வைத்தேன். கைப்பிடியைக் காதில் வைத்தேன்.

ம்ம்ம்... என்று ஆழமான அதிர்வு. வார்த்தை எதுவும் புரியவில்லை. ஆனால் ஏறி இறங்கியது. நீண்டது. குறுகியது. பதினாறு வருடத்தில் எத்தனையோ இயந்திரம் கேட்டுவிட்டேன்.

எந்த இயந்திரமும் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்காது.

இது வாங்கியது.

யாரோ இந்த அறையில் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கேட்கவில்லை. கம்பிக்குக் கேட்டது.

"யாரு?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரையில் 5 வந்து போனது.

பிறகு எதுவும் இல்லை.

நான் பேசியதும் அது நிறுத்திக்கொண்டது.

2.11. திரை மறுபடி மினுங்கியது.

2.

குழந்தைக் குரலின் கம்பி. வீட்டில் குழந்தை இல்லை. வாலு நாலு கிலோமீட்டர் தள்ளி வகுப்பில் இருந்தாள்.

ஒரே ஒரு தடவைதான். அதற்குப் பிறகு டியூனர் தானாக அணைந்தது. நான் எழுந்திருக்கவில்லை. அந்தக் கட்டிலிலேயே, வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம்.

3.20. வேன் சத்தம். படியில் வாலுவின் ஷூ சத்தம்... முதல் மாடி... இரண்டாம் மாடி... கதவு திறந்தது.

"வர்றேன்ப்பா!" என்று கத்தினாள்.

நான் கூப்பிடவில்லை.

நேராக உள் அறைக்கு ஓடி வந்தாள். பையைக் கழற்றி எறிந்தாள். அறை வாசலில் இருந்து பார்த்தால் கட்டிலில் நான் உட்கார்ந்திருப்பது தெரியும். அவள் என்னைப் பார்க்கவில்லை. கிட்டார் ஸ்டாண்டை ஒதுக்கினாள். கட்டிலில் ஏறினாள்.

ஜன்னல் கொக்கியில் கையை வைத்தாள்.

டக்.

கண்ணாடி நகர்ந்தது. காற்று உள்ளே வந்தது. அவள் ஒரு முழங்காலை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

எப்படிப் பாய்ந்தேன் என்று தெரியாது. இடுப்பைப் பிடித்து இழுத்ததில் இரண்டு பேரும் தரையில் விழுந்தோம். கிட்டார் சரிந்தது. ஆறு கம்பிகளும் ஒன்றாக அலறின.

"என்னடி பண்ற? என்ன பண்ற நீ?"

வாலு மலங்க மலங்க விழித்தாள். "நீதானேப்பா கூப்பிட்ட..."

"நான் கூப்பிடல."

"தினம் கூப்பிடுவியே. இன்னும் கிட்ட வா, இன்னும் கிட்ட வான்னு." ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள். "அங்கேருந்து."

மூன்றாம் மாடி. வெளியே வெறும் காற்று.

"கொக்கி ரொம்ப டைட்டுப்பா. இத்தனை நாளா திறக்கவே முடியல. இன்னைக்குத்தான் திறந்துச்சு."

எட்டு மாதம். என் பிள்ளை எட்டு மாதம் அந்தக் கொக்கியோடு போராடியிருக்கிறாள். அவளைக் கட்டிக்கொண்டு நான் அழுத அழுகை... அதை எழுத வேண்டாம்.

அன்று மாலையே மச்சினன் வீட்டுக்குப் போய்விட்டோம். பத்து நாளில் வேறு வீடு, தரைத்தளம். வீட்டுக்காரரிடம் வேலைக்குத் தூரம் என்று பொய் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. வாடகையைப் பற்றியும் பேசவில்லை. சாவியை வாங்கும்போது ஒன்றே ஒன்று கேட்டார்.

"பாப்பா நல்லா இருக்குல்ல?"

புது வீட்டில் தினமும் 2.10க்கு டியூனரைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. ஒரு மாதம் ஒன்றும் வரவில்லை. வாலு "கூப்பிட்டியா?" என்று கேட்பதும் நின்றுபோனது. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அப்புறம் பள்ளியில் பெற்றோர் கூட்டம். வகுப்பு டீச்சர் சிரித்த முகமாகச் சொன்னார்.

"இப்போ நல்லா உக்கார்றா சார். அந்த ரெண்டு பத்து வியாதி போயிடுச்சு."

"என்ன வியாதி?"

"டைரில எழுதி அனுப்பினேனே? கையெழுத்துகூடப் போட்டிருந்தாங்களே. தினம் சரியா ரெண்டு பத்து தாண்டினதும் எந்திரிச்சு நின்னு, 'வர்றேன்ப்பா'ன்னு சொல்லுவா. எவ்வளவு திட்டியும் கேக்கல."

மனைவியைப் பார்த்தேன். படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. எனக்கு நோட்டு நினைவுக்கு வந்தது. 2.11, ஒரே ஒரு 2. அது வகுப்பிலிருந்து வாலு சொன்ன பதில்.

"இப்போ அது பக்கத்துல உக்கார்ற பொண்ணுக்குத் தொத்திக்கிச்சு சார்," என்று டீச்சர் சிரித்தார். "பாத்துப் பாத்து விளையாட்டு. ரெண்டு வாரமா அவ எந்திரிக்கிறா."

அந்தப் பெண்ணின் அப்பா அதே கூட்டத்தில்தான் இருந்தார். நானே போய்க் கேட்டேன். வீடு மாறியிருக்கிறீர்களா?

"ஆமா சார். ரெண்டு வாரம் ஆச்சு. மூணாவது மாடி, நல்ல காத்து. பெரிய ஜன்னல்."

நாங்கள் காலி செய்த வீடு. ஒரு வார்த்தை யாரிடமாவது உண்மையைச் சொல்லிவிட்டு வந்திருந்தால்... சொல்லவில்லை. பிள்ளையோடு ஓடி வந்துவிட்டேன்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாவம், எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்தார். சொல்லி நம்ப வைக்க முடியாது. அதனால் அன்று மாலை கிட்டாரை எடுத்துப் போய் அவர்கள் வீட்டு உள் அறையில், அதே ஜன்னலோரம் வைத்தேன். டியூனரை மாட்டினேன். கொக்கியைக் கம்பியால் சுற்றிக் கட்டினேன்.

"நாளைக்கு ஒரு நாள் லீவு போடுங்க. ரெண்டு எட்டுக்கு இதைப் போடுங்க. வாயைத் திறக்காதீங்க. பாருங்க, அவ்வளவுதான்."

மறுநாள் மதியம் 2.13க்கு என் போன் அடித்தது.

"சார்... ஆறு வருது சார்." மூச்சு வாங்கியது. "நான் பேசல. சத்தியமா நான் பேசல."

"பிள்ளை எங்கே?"

"ஸ்கூல்ல."

"ரெண்டாம் நம்பர் வந்துச்சா?"

"வந்துச்சு."

"சரி. இனி அங்கே இருக்காதீங்க. இன்னைக்கே..."

"ரெண்டு தடவை வந்துச்சு சார்."

புதன்கிழமைப் பக்கத்தைப் புரட்டினேன்.

என் நோட்டில் அது ஒரே ஒரு தடவைதான்.

போனை வைத்தேன். பள்ளிக்கு அடித்தேன். மணி 2.16. டீச்சர் எடுக்க நேரமானது. எடுத்ததும் அவரே ஆரம்பித்தார்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன் சார். உங்க பொண்ணு மறுபடி ஆரம்பிச்சுட்டா. இன்னைக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே எந்திரிச்சாங்க."