“மீ லாபி” என்றது யார்?

கயிற்றை அவசர அவசரமாக மேலே இழுத்துக்கொண்டிருந்தார் ஜுல்ஃபிகர். ஐந்தாவது மாடி பால்கனி. கயிற்றின் நுனியில் துருப்பிடித்த பிலிம் டப்பா. மதியம் 1:52.

“மெதுவா நானா! அதுக்கு உங்க வாப்பாவைவிட வயசு கூட!” தெருவில் நின்று கத்தினான் டப்பாவைக் கொண்டுவந்த நசீர். அண்ணன் முறைக்காரரை ‘நானா’ என்பது அவன் வழக்கம்.

“ஏறி வந்து குடுத்தா கால் தேஞ்சிருமா?”

“லிப்டு வெச்சுக் குடுங்க, வர்றேன்!”

யாங்கோனில் பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவது ஜுல்ஃபிகரின் தொழில். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. அவர் சொன்ன நேரத்தில் ஒரு நிமிடத்தைக்கூட நான் மாற்றவில்லை.

டப்பாவில் இருந்தது ஹர்ஜோ. ஜாவாக்காரர். ஊர் ஊராகப் போன நாடகக் கம்பெனியில் மேளம் சுமந்து, பிறகு பத்தாவியா என்ற அந்தக்கால ஜகார்த்தாவில் பதினொரு படம் நடித்தவர். ஒன்பதில் செத்துப் போவார். சாகிற வேஷமென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். 1943-ல் ஜப்பான்காரன் கூலியாகப் பிடித்து பர்மா ரயில் பாதைக்கு அனுப்பினான். திரும்பவில்லை.

அவருடைய மகள் சுலாஸ்த்ரிக்கு எண்பத்து மூன்று. ஜகார்த்தா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இன்றோ நாளையோ. அப்பா முகத்தைப் பார்த்ததே இல்லை. மிஞ்சிய ஒரே சுருள், யாங்கோன் ஓரத்து இன்சீனில் மூடிக்கிடந்த தியேட்டரில் கிடைத்த இதுதான். மக்கிப்போய்க் காடி வாடை அடித்தது. ஒரு தடவைதான் ஓடும்.

இரண்டு மணிக்குக் கரண்ட் வரவேண்டிய முறை. வரவில்லை. ஸ்கேனரை ஓட்டும் பேட்டரியும் காலி. நாலு நாளாகத் தூக்கமில்லாத ஜுல்ஃபிகர் மேசையில் தலை சாய்த்தார்.

2:07.

“மீ லாபி!”

பர்மிய மொழியில், கரண்ட் வந்துவிட்டது! யாங்கோனில் வெளிச்சம் வந்தால் தெருவே சேர்ந்து இப்படிக் கத்தும். இன்று கத்தியது ஒரே குரல். கரகரத்த, களைத்த ஆண் குரல். வாசற்கதவை ஒட்டி...

ஸ்கேனரில் பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் மின்விசிறி சுற்றவில்லை. யோசிக்க நேரமில்லை. சுருளை மாட்டினார்.

ராஜா வேஷத்தில் ஹர்ஜோ. கத்திக்குத்து. விழுந்தார். செத்தார்.

படம் ஓடிக்கொண்டே இருந்தது...

பிணம் எழுந்தது. அலுப்போடு முழங்காலைத் தட்டிக்கொண்டது.

கிரீடம் இல்லை. இடுப்பில் சாக்குத்துணி. விலா எலும்புகள்.

கேமராவுக்கு நேரே வந்து உட்கார்ந்தது.

பார்த்தது.

உதடு அசைந்தது. ஒருமுறை... இன்னொருமுறை...

ஊமைப் படம். சத்தமில்லை.

2:16. பச்சை விளக்கு அணைந்தது.

லேப்டாப்பில் இருந்த மிச்ச சார்ஜில், படத்தை ஜகார்த்தாவுக்கு அனுப்பினார்.

மாலை 5:40. தெரு முழுக்க “மீ லாபி!” கூச்சல். நசீர் மூச்சிரைக்க ஏறி வந்தான்.

“மத்தியானமே வந்துச்சேடா?”

“கனவா, நானா? காலையிலேயே ட்ரான்ஸ்பார்மர் வெடிச்சிருச்சு. இப்பத்தான் மாத்துனான்.”

போன் ஒலித்தது. சுலாஸ்த்ரியின் மகன் அனுப்பிய செய்தி.

‘அம்மா பார்த்துவிட்டார். மூன்று தடவை. தன் அப்பா என்ன சொல்கிறார் என்று அவருக்குத் தெரியுமாம். முகாமிலிருந்து உயிரோடு திரும்பிய ஒருவர் பாட்டியிடம் சொன்னது. இரவு வேலைக்கு விளக்கு வந்ததும், படுத்துக் கிடக்கும் பர்மியக் கூலிகளைக் கத்தி எழுப்புவது தாத்தாவின் வேலை. நாடகக் குரல் இல்லையா? அதற்காக அவர் கற்றுக்கொண்ட பர்மியச் சொல் இரண்டே இரண்டு.

மீ லாபி.’