எட்டு மணி மாத்திரை

பேருந்துப் பணிமனையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டைம் கீப்பர், அவ்வளவுதான். வண்டி இரண்டு நிமிடம் தாமதமாகக் கிளம்பினாலும் பதிவேட்டில் ஏற்றி, பக்கத்திலேயே காரணத்தையும் எழுதிவிடுவார். "தன் கல்யாணத்துக்கே லேட்டா வந்திருந்தா, தன்மேலயே ரிப்போர்ட் எழுதியிருப்பாரு மனுஷன்" என்று ஓட்டுநர்கள் கிண்டலடிப்பார்கள்.

அந்தக் கடிகாரப் பைத்தியம்தான் நாலு வருடமாக அவர் உயிரைக் காத்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபோது, அக்கா தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். வந்த விருந்தாளியை உடம்பு அடித்து விரட்டாமல் இருக்க, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை. காலை எட்டு, இரவு எட்டு. மருந்து குறைந்தால் உடம்பே சிறுநீரகத்தைத் தாக்கும். கூடினால் மருந்தே அதைக் கெடுக்கும். அதனால் மாதம் ஒருமுறை ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்ப்பார்கள்.

அந்தப் பரிசோதனைக்கு எப்போதும் அக்கா கூடவே போவாள். மாத்திரை டப்பாவைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொள்வாள். எட்டுக்கு முன்னாலேயே ரத்தம் கொடுத்து, பஞ்சை அழுத்திக்கொண்டு அவர் வெளியே வந்த பிறகுதான் டப்பா கைக்கு வரும். ஏன் என்று அவர் கேட்டதில்லை. அக்காவுக்கு அதிகாரம் செய்யப் பிடிக்கும் என்று நினைத்திருந்தார்.

இந்த மாதம் அக்காவுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. "நானே போய்க்கிறேன், நான் என்ன பச்சைக் குழந்தையா?" என்று தனியாகக் கிளம்பினார். ஆய்வுக்கூடத்தில் கூட்டம். எட்டு மணிக்குச் சட்டைப்பையில் அலாரம் அடித்தது. கை தானாகப் போனது, மாத்திரை உள்ளே போனது. ஒன்பது மணிக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, கடமை முடிந்த நிம்மதியோடு வேலைக்குப் போனார்.

மாலையில் மருத்துவமனையிலிருந்து செவிலியர் போன் செய்தார். "மருந்து அளவு ரெண்டு மடங்குக்கும் மேல காட்டுது. நீங்களா எதையும் நிறுத்தாதீங்க, ராத்திரி மாத்திரையை வழக்கம்போலப் போடுங்கன்னு டாக்டர் சொல்லச் சொன்னாங்க. நாளைக்குக் காலை மாத்திரையை மட்டும் போடாம கையில எடுத்துட்டு வாங்க."

அவருக்குத் தன் உயிரைப் பற்றிய பயம்கூட இல்லை. அக்கா தன் வயிற்றைக் கிழித்துக் கொடுத்ததை நாம் பாழாக்கிவிட்டோமே என்பதுதான். அவளிடம் மறைக்கப் பார்த்தார், முகம் காட்டிக்கொடுத்தது. மறுநாள் காலை அவள் நொண்டிக்கொண்டே வந்து, அவர் கூப்பிட்டிருந்த வாடகைக் காரில் ஏறிவிட்டாள்.

மருத்துவர் ஏழரைக்கே வந்திருந்தார். "நேத்து மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டீங்க?"

"டாண்ணு எட்டு மணிக்கு, டாக்டர். ஒரு நிமிஷம் பிசகல."

"ரத்தம் குடுத்தது?"

"ஒம்பதுக்கு."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடப்பாவி! மாத்திரை போட்ட கையோட ரத்தம் குடுத்தா அளவு ஏறித்தான்டா காட்டும். அடுத்த வேளைக்கு முன்னாடி மிச்சம் எவ்வளவு இருக்குன்னு பாக்கத்தான் இந்த டெஸ்ட்டே. முதல் நாளே டாக்டர் சொன்னாங்க. நீ அப்பவும் கடிகாரத்தையே பாத்துட்டிருந்த!"

"அப்போ நீ டப்பாவைப் புடுங்கி வச்சுக்கிறது..."

"பின்ன, எனக்கென்ன ஆசையா?"

மருத்துவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுதான் காரணமா இருக்கும். ஆனா ஊகத்துல விட வேண்டாம், இன்னைக்கு மறுபடி பாத்துடலாம்" என்றார்.

எட்டு மணிக்கு அலாரம் அடித்தது. அவர் கை பரபரத்தது. அக்கா டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எட்டு இருபதுக்கு ரத்தம் எடுத்தார்கள், அப்புறம்தான் மாத்திரை.

மதியம் முடிவு வந்தது. மருந்து சரியான அளவில் இருந்தது, சிறுநீரகத்துக்கும் ஒரு குறையும் இல்லை. போன உயிர் திரும்பி வந்தது. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, கூச்சமே இல்லாமல் ஓவென்று அழுதார். "சனியனே, எல்லாரும் பாக்குறாங்க" என்று திட்டிக்கொண்டே அக்கா முதுகைத் தடவினாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சின்னக் குறிப்பேட்டை எடுத்தார். நாலு வருடமாக எட்டு, எட்டு என்று மட்டுமே குறித்து வந்த ஏடு. ‘காலை மாத்திரை 8.25. தாமதம் 25 நிமிடம்’ என்று எழுதினார். காரணம் எழுத வேண்டிய இடத்தில் பேனா கொஞ்சம் தயங்கியது. பிறகு எழுதினார்: ‘அக்கா கூட இருந்தாள்.’

எட்டிப் பார்த்த அக்கா மூக்கை உறிஞ்சினாள். "அடுத்த மாசமும் நான்தான் வருவேன். முழங்கால் என்ன, தலையே போனாலும்."