பளபளத்த ராணி

சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வராமல் என்ன செய்யும்? அவளைக் கேட்காமலேயே அவளுக்கு நல்லது செய்கிறவர்கள் அத்தனை பேர். கேட்காமல் பள்ளிக்கூடத்தை நிறுத்தினார் அப்பா. கேட்காமல் அவளுடைய தையல் மிஷினை விற்றார் கணவர். மிச்சமிருந்தவன் தம்பி.

அவன் பெரிய ஹோட்டலில் பித்தளைக் கைப்பிடிகளுக்குப் பாலிஷ் போடுகிறவன். 'பளிச்சு' என்றுதான் கூப்பிடுவார்கள். கறுத்த எதைக் கண்டாலும் அவன் கை சும்மா இராது.

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பா அவளுக்கென்று விட்டுப்போனது ஒரு பழைய பிரிட்டிஷ் வெள்ளிக் காசு. நாணயக் கடைக்காரர் அதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரிப்பனால் கூந்தல் கட்டிய இளம் விக்டோரியாவாம். பிற்காலக் காசுகளில் ராணிக்கு வயதாகி, கிரீடமும் முக்காடும் வந்துவிடுமாம். இந்த முகம் இவ்வளவு தேயாமல் கிடைப்பது அபூர்வம், அடுத்த வாரம் கொண்டு வந்தால் நல்ல விலை தருகிறேன் என்றார். அந்தப் பணத்தில் சொந்தமாக ஒரு இஸ்திரிக் கடை. மாடிப்படிக்கு அடியில் இடம்கூடப் பார்த்துவிட்டாள், இஸ்திரிப் பெட்டியும் வாங்கிவிட்டாள். கணவர் கண்ணில் படாதிருக்கத்தான் காசைத் தம்பியிடம் கொடுத்துவைத்தாள். புத்தி கெட்டவள்.

சொன்ன நாளில் நாணயக் கடையில் தம்பி பெருமையோடு பொட்டலத்தைப் பிரித்தான். காசு கண்ணாடி மாதிரி மின்னியது. கடைக்காரர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார்.

"யாரும்மா இதைத் தேய்ச்சது? நூறு வருஷத்துக்கு மேல தானா ஏறின கறுப்பு அது. அதுக்குத்தாம்மா விலை. மூஞ்சி பூரா கீறல். இனி வெள்ளி எடைக்குத்தான் எடுக்கலாம்."

அக்கா காசை எடுத்துக்கொண்டு கடையை விட்டு இறங்கினாள். தம்பி அவள் பின்னாலேயே நடந்து வந்து, பளபளப்பாக இருந்தால் கூடக் கிடைக்கும் என்று நினைத்ததாக முணுமுணுத்தான். அவன் பிழைப்பில் அப்படித்தான், மங்கினால் மேனேஜர் திட்டுவார். அவள் தெருவிலேயே நின்று அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள். மறுநாள் பழையபடி சலவைக்கூடத்துக்கே போனாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை அவள் எழுந்து வந்தபோது, விடியுமுன்பே வீடு தேடி வந்துவிட்ட தம்பி அடுக்களையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தான். கடைக்கென்று அவள் வாங்கி, பரண்மேல் ஒளித்துவைத்திருந்த இஸ்திரிப் பெட்டி அவன் மடியில். அடித்தகடு முகம் பார்க்கிற அளவுக்கு மின்னியது. கணவர் பக்கத்தில் நின்று, இது ஏது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

"என்னைக் கேட்டியாடா?" என்றாள் அக்கா.

தம்பி பாலிஷ் துணியைக் கீழே வைத்தான்.